நேர்காணலுக்கு முன் நிறுவனத்தின் பெயரைச் சரியாகப் பிடியுங்கள்

பாலக்கோட்டைச் சேர்ந்த ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வி இது. மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து, தருமபுரியில் ஒரு லேத் பட்டறையில் இரண்டு ஆண்டுகள் வேலை பார்த்திருக்கிறார். ஓசூர் சிப்காட்டில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு நிறுவனம், தரப் பரிசோதகர் பணிக்காக வரும் வாரம் அவரை நேர்காணலுக்கு அழைத்திருக்கிறது. கம்பெனியைப் பற்றித் தெரிந்துகொண்டு போ என்று எல்லோரும் சொல்கிறார்கள். இணையதளத்தை முழுவதும் படித்துவிட்டேன், தொடங்கிய ஆண்டும் நிறுவனர் பெயரும் மனப்பாடம், இதற்கு மேல் எதைத் தேடுவது என்று கேட்கிறார்.

ஓசூர்ப் பகுதித் தொழிற்சாலைகளில் பணியாளர் துறையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவன் என்ற முறையில், மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்ததை வைத்து இதற்குப் பதில் எழுதுகிறேன். தம்பி, நிறுவனர் பெயரை உங்களிடம் யாரும் கேட்கப் போவதில்லை. நான் நடத்திய நேர்காணல்களில் ஒரு முறைகூடக் கேட்டதில்லை. நீங்கள் முதலில் உறுதி செய்ய வேண்டியது வேறொரு பெயரை: உங்களுக்கு மாதாமாதம் சம்பளம் போடப் போகிறவரின் சட்டப்படியான பெயரை. அந்தப் பெயர் சரியாகக் கிடைத்துவிட்டால் மற்றவை ஒவ்வொன்றாக வந்து சேரும். அது தவறிவிட்டால் எவ்வளவு படித்தாலும் வேறு யாருடைய கதையையோ படித்ததாகத்தான் ஆகும்.

இதை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஒரு முறை நேர்காணலுக்கு வந்த ஒரு பையன் எங்கள் நிறுவனத்தின் பிளாஸ்டிக் மோல்டிங் பிரிவைப் பற்றிப் பத்து நிமிடம் மிக அழகாகப் பேசினான். நாங்கள் இரும்பு வார்ப்புச் செய்கிறவர்கள். அதே குழுமப் பெயரில் வேறு ஊரில் இருந்த இன்னொரு கம்பெனியின் இணையதளத்தை அவன் படித்துவிட்டு வந்திருந்தான். உழைப்பு வீணானதே என்று எனக்கு வருத்தமாக இருந்தது. ஆனால் ஓர் அளவுத்தாளை வாங்கினால் பாகத்தின் எண் சரிதானா என்று முதலில் பார்க்க வேண்டியவர் தரப் பரிசோதகர். அந்தப் பணிக்கு வந்தவர் கடிதத்தில் இருந்த பெயரைப் பார்க்கத் தவறியது சிறிய குறை ஆகிவிடவில்லை.

ஆகவே அழைப்புக் கடிதத்தையோ மின்னஞ்சலையோ எடுத்து வைத்துக்கொண்டு அதன் தலைப்பையும் அடிப்பகுதியையும் பாருங்கள். 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டப்படி, பதிவு செய்யப்பட்ட எந்தக் கம்பெனியும் தன் கடிதத்தாளில் பெயர், பதிவு அலுவலக முகவரி ஆகியவற்றுடன் எழுத்தும் இலக்கமுமாக 21 இடங்கள் கொண்ட நிறுவன அடையாள எண்ணையும் அச்சிட வேண்டும். அந்த எண் ஒரு சிறிய ஜாதகம் போன்றது. முதல் எழுத்து எல் என்றால் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பெனி, யு என்றால் பட்டியலிடப்படாதது. அடுத்த ஐந்து இலக்கங்கள் தொழில் வகையைக் குறிப்பவை. அதன்பின் மாநிலத்துக்கான இரண்டு எழுத்துகள், பதிவான ஆண்டு, பிரைவேட் லிமிடெட்டா பப்ளிக் லிமிடெட்டா என்பதற்கான மூன்று எழுத்துகள், கடைசியில் ஆறு இலக்கப் பதிவு எண். நம் மாவட்டங்கள் கோயம்புத்தூர் பதிவாளரின் எல்லைக்குள் வருவதால், இங்கே பதிவான கம்பெனிகளுக்கு மாநில எழுத்துகள் டிஎன் என்று இல்லாமல் டிஇசட் என்று இருக்கும். ஓசூரையே பதிவு அலுவலகமாகக் கொண்ட டைட்டன் கம்பெனியின் எண்ணில் டிஇசட் என்பதையும் அதன் பக்கத்தில் 1984 என்பதையும் பார்க்கலாம். கடிதத்தில் இந்த எண்ணே இல்லையென்றால் உடனே போலி என்று முடிவு கட்ட வேண்டாம். அது கூட்டாண்மை நிறுவனமாகவோ ஒரே உரிமையாளரின் தொழிலாகவோ இருக்கலாம். அப்படியானால் ஜிஎஸ்டி எண்ணைக் கொண்டு தேட வேண்டும். அந்த எண்ணைத் தொழிற்கூடத்தின் நுழைவாயில் பெயர்ப்பலகையிலேயே எழுதி வைக்க வேண்டும் என்பது விதி. 33 என்று தொடங்கினால் தமிழ்நாடு, 29 என்று தொடங்கினால் கர்நாடகம்.

மத்திய கம்பெனி விவகாரத் துறையின் தளத்தில் அந்த அடையாள எண்ணை இட்டால், கம்பெனி எப்போது பதிவானது, செலுத்தப்பட்ட மூலதனம் எவ்வளவு, கடைசி ஆண்டுக் கூட்டம் எப்போது நடந்தது, இயக்குநர்கள் யார், கம்பெனி இப்போது நடப்பில் உள்ளதா அல்லது பெயர் நீக்கப்பட்டதா என்பவை கட்டணமின்றி வரும். இதில் நீங்கள் கவனிக்க வேண்டியவை இரண்டே. ஒன்று, நடப்பு நிலை. மற்றொன்று, கடைசியாகத் தாக்கல் செய்த கணக்கு எந்தத் தேதிக்கானது என்பது. மூன்று ஆண்டுகளாகக் கணக்கே தாக்கல் செய்யாத கம்பெனி, உங்கள் சம்பளக் கணக்கை மட்டும் ஒழுங்காக வைத்திருக்கும் என்று நான் எதிர்பார்க்க மாட்டேன்.

அடுத்ததாக, என் கணக்கில் மிக முக்கியமானதும், வேலை தேடுகிறவர்களில் நூற்றில் ஒருவர்கூடப் பார்க்காததுமான ஓர் இடத்துக்கு வருகிறேன். வருங்கால வைப்பு நிதி நிறுவனத்தின் தளத்தில், எந்த நிறுவனத்தின் பெயரையும் இட்டுத் தேடும் வசதி எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. அங்கே ஒரு நிறுவனம் எந்த மாதச் சம்பளத்துக்கான பி.எஃப். தொகையை, எத்தனை பேருக்கு, எந்தத் தேதியில் கட்டியது என்ற விவரம் வரிசையாக வரும். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தும்; ஒரு மாதத்துத் தொகையை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். தேதிகளைக் கீழ்நோக்கிப் படித்துக்கொண்டே போனால் அந்த நிறுவனத்தின் நாடித்துடிப்பு கையில் கிடைக்கும். 12, 14, 13 என்று மாதம் தவறாமல் கட்டியிருந்தால் பணப்புழக்கம் சீராக இருக்கிறது என்று கொள்ளலாம். இரண்டு மாதத் தொகையைச் சேர்த்துக் கட்டுவது, மூன்று மாதம் தள்ளிக் கட்டுவது என்று இருந்தால் சம்பளமும் அப்படித்தான் வரக்கூடும். தொழிலாளியின் சம்பளத்தில் பிடித்த பணத்தையே காலத்தில் கட்ட முடியாதவர், தன் கைப்பணத்திலிருந்து கொடுக்க வேண்டியதை முதலில் கொடுப்பாரா?

அதே பக்கத்தில் இன்னொரு கணக்கும் போடலாம். ஊழியரின் பங்கு 12 விழுக்காடு, முதலாளியின் பங்கு 12, நிர்வாகச் செலவுக்கும் காப்பீட்டுக்குமாக இன்னும் ஒரு விழுக்காடு, ஆக மொத்தம் 25 விழுக்காடு. 2014 செப்டம்பரிலிருந்து இதற்கான சம்பள உச்சவரம்பு 15,000 ரூபாய். மொத்தத் தொகையை ஆள் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். தலைக்கு 3,750 ரூபாய் அளவில் வந்தால் பெரும்பாலோருக்கு உச்சவரம்பு அளவில் கட்டுகிறார்கள் என்று பொருள். அதைவிட மிகவும் குறைந்தால் அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்துக் காட்டி, மீதியைப் படிகளாகப் பிரித்துக் கொடுக்கிறார்கள் என்றோ, மாதம் முழுவதும் வேலை கிடைக்காதவர்கள் நிறைய இருக்கிறார்கள் என்றோ ஊகிக்கலாம். இது ஊகம்தான். ஆனால் இணையதளத்தில் சிரித்துக்கொண்டு நிற்கும் ஊழியர்களின் படங்களைவிட நம்பத்தகுந்த ஊகம்.

ஆள் எண்ணிக்கையிலும் செய்தி உண்டு. இணையதளம் எண்ணூறு பேர் கொண்ட குடும்பம் என்று சொல்லும், பி.எஃப். பட்டியலில் நூற்று இருபது பேர்தான் இருப்பார்கள். பொய் சொல்கிறார்கள் என்று பதற வேண்டாம். சில குழுமங்கள் எல்லாக் கிளைகளுக்கும் தலைமை அலுவலகத்தின் ஒரே எண்ணில் கட்டுவதுண்டு. ஆனால் நம் பகுதியில் பெரும்பாலும் காரணம் வேறு: மீதி அறுநூற்றுச் சொச்சம் பேர் ஒப்பந்ததாரர்களின் கணக்கில் இருப்பார்கள், அல்லது பி.எஃப். பொருந்தாத அப்ரன்டிஸ்களாக இருப்பார்கள். தொழிலின் இயல்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கிருஷ்ணகிரிச் சுற்றுவட்டாரத்து மாங்கூழ் ஆலை ஒன்றின் எண்ணிக்கை, காய் வரும் மாதங்களில் ஏறிப் பிறகு சரிவது வீழ்ச்சி ஆகாது. அது பருவத் தொழில். உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் ஆறு மாதத்தில் முந்நூறு இருநூறாகக் குறைந்திருந்தால் அது கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி.

இங்கேதான் நம் ஊர்ப் பையன்கள் கேட்கும் அந்தப் பழைய கேள்வி வருகிறது: கம்பெனி ரோலா, கான்ட்ராக்ட் ரோலா? நேர்காணல் நடப்பது பெரிய கம்பெனியின் வளாகத்தில், கேள்வி கேட்பவர் அந்தக் கம்பெனியின் மேலாளர், சீருடையும் அவர்களுடையது. ஆனால் நியமனக் கடிதம் மட்டும் கேள்விப்படாத ஓர் ஆள் வழங்கும் நிறுவனத்தின் பெயரில் வரும். அதில் சட்ட விரோதம் ஏதுமில்லை. அப்படிச் சேர்ந்து பிறகு நிரந்தரமானவர்களையும் எனக்குத் தெரியும். ஆனால் அந்த நிலையில் நீங்கள் ஆராய வேண்டியது அந்த ஒப்பந்ததாரரைத்தானே தவிர, புகழ்பெற்ற அந்தக் கம்பெனியை அல்ல. அழைப்பில் இருக்கும் சொல்லையும் கவனியுங்கள். அப்ரன்டிஸ் என்றிருந்தால் அது 1961ஆம் ஆண்டு பயிற்சியாளர் சட்டத்தின் கீழ் வருவது. கிடைப்பது உதவித்தொகை, அதற்கு பி.எஃப். கிடையாது, ஒப்பந்தத்தில் தனியாகச் சொல்லியிருந்தாலன்றிப் பயிற்சி முடிந்ததும் வேலை கொடுக்கும் கட்டாயமும் அவர்களுக்கு இல்லை. டிரெய்னி என்ற சொல் அப்படிப்பட்டதல்ல. ஒவ்வொரு கம்பெனியும் அதற்குத் தனித்தனிப் பொருள் வைத்திருக்கிறது. எத்தனை மாதம், அதன்பின் என்ன என்பதைக் கேட்டே தெரிந்துகொள்ள வேண்டும்.

கம்பெனி பட்டியலிடப்பட்டதாக இருந்தால் உங்கள் பாடு எளிது. ஆண்டறிக்கை பங்குச் சந்தைத் தளங்களில் இலவசமாகக் கிடைக்கும். முந்நூறு பக்கத்தையும் படிக்க வேண்டாம். சந்தை மதிப்பில் முதல் ஆயிரம் கம்பெனிகள், தொழில் பொறுப்பு மற்றும் நிலைத்தன்மை அறிக்கை என்ற ஒன்றை 2022-23 முதல் கட்டாயம் வெளியிட வேண்டும். நிரந்தர ஊழியர் எத்தனை, நிரந்தரமல்லாதவர் எத்தனை, மூன்று ஆண்டுகளில் விலகியவர்களின் விகிதம் என்ன, வேலையிடத்தில் எத்தனை விபத்து, எத்தனை உயிரிழப்பு என்பவை அங்கே அட்டவணையாக இருக்கும். தணிக்கையாளர் அறிக்கையின் பின்னிணைப்பில், பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. போன்றவை ஆறு மாதத்துக்கு மேல் நிலுவையில் உள்ளனவா என்று ஒரு பத்தி இருக்கும். அந்த ஒரு பத்தி போதும்.

உங்களை அழைத்திருப்பது பட்டியலிடப்படாத நடுத்தரக் கம்பெனி என்று நினைக்கிறேன். அப்படியானால் கிரிசில், இக்ரா, கேர் போன்ற கடன்தர மதிப்பீட்டு நிறுவனங்களின் தளங்களில் பெயரை இட்டுத் தேடுங்கள். வங்கியில் பெரிய கடன் வாங்கிய கம்பெனிகளில் பலவற்றுக்கு இவர்களின் மதிப்பீடு இருக்கும். அதற்கான காரணங்களை விளக்கும் குறிப்பை யாரும் படிக்கலாம். கம்பெனி என்ன செய்கிறது, ஆலை எங்கே, விற்பனையில் பெரும்பங்கு எந்த வாடிக்கையாளருக்குப் போகிறது, கடன் சுமை எப்படி என்பவை இரண்டு மூன்று பக்கங்களில் உணர்ச்சியில்லாத மொழியில் இருக்கும். கம்பெனியின் விளம்பரப் பிரிவு ஒருபோதும் எழுதாத உண்மைகளை நான் அங்கே படித்திருக்கிறேன். மதிப்பீட்டுடன் 'ஒத்துழைக்காத நிறுவனம்' என்ற முத்திரை இருந்தால், கேட்ட தகவலைக் கம்பெனி கொடுக்கவில்லை என்று பொருள். டி என்ற எழுத்து மட்டும் இருந்தால் கடன் தவணை தவறிவிட்டது.

இந்த வாடிக்கையாளர் விவரம் உங்கள் நேர்காணலுக்கு நேரடியாகப் பயன்படும். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இப்போது நடக்கும் பெரிய மாற்றம் என்னவென்பது உங்களுக்குத் தெரிந்ததுதான்: ஓசூரில் டிவிஎஸ், ஏதர், போச்சம்பள்ளியில் ஓலா என்று மின்சார இருசக்கர வாகனங்கள் இங்கேயே உருவாகின்றன. பிரேக், சேசிஸ், கைப்பிடி செய்கிறவருக்கு எந்த வண்டியானாலும் வேலை இருக்கும். பிஸ்டன் வளையமோ சைலன்சரோ மட்டும் செய்கிறவருக்கு அப்படியில்லை. உங்களை அழைத்த கம்பெனி இதில் எந்தப் பக்கம் நிற்கிறது என்று தெரிந்துகொண்டு, மின்சார வண்டிகளுக்கான பாகங்கள் இங்கே தொடங்கிவிட்டனவா, தரப் பிரிவில் அதற்கென்று தனிப் பயிற்சி உண்டா என்று பணிவாகக் கேட்டீர்களானால், நீங்கள் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள் என்பதை உங்கள் வாயால் சொல்ல வேண்டியதில்லை.

தொழில்நுட்பப் பக்கத்தில், அவர்கள் செய்வது வார்ப்பா, ஃபோர்ஜிங்கா, பிரஸ் வேலையா, மெஷினிங்கா என்று அறியாமல் போகக் கூடாது. வாகன உற்பத்தியாளர்களுக்கு நேரடியாகப் பாகம் கொடுப்பவர்கள் ஐஏடிஎஃப் 16949 என்ற தரச்சான்று வைத்திருப்பார்கள். இணையதளத்தில் அந்தச் சான்றின் படமே இருக்கும், அதில் எந்தெந்தப் பாகங்களுக்கு, எந்த முகவரியில் உள்ள ஆலைக்கு என்று எழுதியிருக்கும். லேத் பட்டறையில் வெர்னியரும் மைக்ரோமீட்டரும் பிடித்த கை உங்களுடையது. அந்தப் பாகத்தில் எந்த அளவு முக்கியமாக இருக்கும், எந்தக் குறை அடிக்கடி வரும் என்று முன்கூட்டியே யோசித்துப் பாருங்கள். அலுமினிய வார்ப்பு என்றால் உள்ளே காற்றுத் துளை, பிரஸ் பாகம் என்றால் ஓரத்தில் பிசிறு. இந்த யோசனைக்கு ஒரு முழு மாலையைக் கொடுங்கள். நான் தேர்ந்தெடுத்தவர்களில் பெரும்பாலோர் இதில்தான் தேறினார்கள்.

ஊழியர்கள் எழுதும் மதிப்புரைத் தளங்களைப் பற்றியும் கேட்பீர்கள். கிளாஸ்டோர், ஆம்பிஷன்பாக்ஸ் இரண்டையும் பாருங்கள். நட்சத்திரங்களை எண்ண வேண்டாம். கோபத்தில் விலகியவரும் நிர்வாகம் கேட்டுக்கொண்டதால் எழுதியவரும் அங்கே கலந்திருப்பார்கள். ஓவர்டைம் பணம் தாமதமாகிறது, ஞாயிறு வேலைக்கு மாற்று விடுப்பு இல்லை என்பது போன்ற ஒரே குறிப்பான குறையை வெவ்வேறு ஆண்டுகளில் நாலு பேர் எழுதியிருந்தால் மட்டும் அதை எடுத்துக்கொள்ளுங்கள். லிங்க்டுஇன்னில் அதே பதவியில் இருந்தவர்கள் எத்தனை ஆண்டு இருந்தார்கள், பிறகு எங்கே போனார்கள் என்று பார்ப்பது அதைவிடப் பயன் தரும்.

இவை எல்லாவற்றையும் கைப்பேசியில் மூன்று மணி நேரத்தில் முடித்துவிடலாம். முடியாத ஒன்று, நேரில் போய்ப் பார்ப்பது. நேர்காணலுக்கு முன் ஒரு நாள் கிடைத்தால் போய் வாருங்கள். பாலக்கோட்டிலிருந்து ராயக்கோட்டை வழியாக ஓசூருக்கு ரயிலும் உண்டு, பேருந்தும் உண்டு. சிப்காட் என்று மட்டும் கேட்டு இறங்கிவிடாதீர்கள்; முதல் பகுதி மூக்கண்டப்பள்ளி, ஜூஜூவாடிப் பக்கம், இரண்டாம் பகுதி மோரனப்பள்ளிப் பக்கம், இரண்டுக்கும் நடந்து போய்விட முடியாது. ஷிஃப்ட் மாறும் பிற்பகல் இரண்டு மணியை ஒட்டிக் கேட் எதிரே உள்ள டீக்கடையில் ஒரு டீ சொல்லிவிட்டு உட்காருங்கள். வேலை முடிந்து வருகிறவர்களிடம், அண்ணா, இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், சம்பளம் எத்தனாம் தேதி வருகிறது, கம்பெனி பஸ் எதுவரை வருகிறது என்று கேட்டால் யாரும் விரட்ட மாட்டார்கள். ராயக்கோட்டை வரை பஸ் உண்டா இல்லையா என்பது, தினமும் வீட்டிலிருந்து போய் வருவதா, ஓசூரில் அறை எடுப்பதா என்பதைத் தீர்மானிக்கும். அறை எடுத்தால் சொல்லப்பட்ட சம்பளத்தில் கையில் மிஞ்சுவது எவ்வளவு என்ற கணக்கே மாறிவிடும். வேலையிடம் எல்லைக்கு அப்பால் அத்திப்பள்ளியிலோ பொம்மசந்திராவிலோ இருந்தால் குறைந்தபட்ச ஊதியமும் தொழில் வரியும் கர்நாடக விதிப்படி இருக்கும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

நேர்காணலுக்கு முன் விண்ணப்பக் கட்டணம், பாதுகாப்பு வைப்பு, சீருடைக் காசு என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும், அசல் சான்றிதழைக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னாலும் அங்கேயே திரும்பிவிடுங்கள். இதற்கு ஆராய்ச்சி தேவையில்லை.

தெரிந்துகொண்டதை அங்கே எப்படிப் பயன்படுத்துவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். பி.எஃப். தாமதமாகக் கட்டியிருக்கிறீர்களே என்று அறைக்குள் போய்க் கேட்பது விசாரணை அதிகாரியின் வேலை. உங்கள் வேலை அதுவன்று. அது நீங்கள் முடிவெடுப்பதற்கான தகவல். கேட்க வேண்டியவற்றைக் கேள்வியாக மாற்றிக் கேளுங்கள்: இந்தப் பணியிடம் எந்த நிறுவனத்தின் பெயரில் வருகிறது, பயிற்சிக் காலம் எவ்வளவு, சொல்லும் ஆண்டுச் சம்பளத்தில் முதலாளியின் பி.எஃப். பங்கும் பணிக்கொடைக்கான 4.81 விழுக்காடும் சேர்ந்திருக்கின்றனவா, மாதம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் ஈ.எஸ்.ஐ. உண்டா. இவற்றை முதல் சுற்றில், தொழில்நுட்ப மேலாளரிடம் கேட்க வேண்டாம்; அவருக்கும் பதில் தெரியாது, உங்களுக்கும் சம்பளத்தைத் தவிர வேறு நினைப்பில்லை என்று எண்ணிக்கொள்வார். பணியாளர் துறையினர் தனியாகப் பேசும் சுற்றில் கேளுங்கள். தெளிவாகப் பதில் சொல்கிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். மழுப்பினால் அந்த மழுப்பலையும் ஒரு பதிலாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் நல்லபடியாக முடிந்து நியமனக் கடிதம் கைக்கு வரும்போது, அழைப்புக் கடிதத்தை அதன் பக்கத்தில் வைத்து இரண்டு பெயர்களையும் எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். வேறாக இருந்தால், புதிய பெயரை வைத்துப் பி.எஃப். தளத்தில் மறுபடியும் ஒரு முறை தேடுங்கள். பட்டறை முதலாளியிடம் வேலையை விடுவதாகச் சொல்வதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.